மெலிக்கன் குடி

நில அளவைக்காரர்கள் சாய்ந்தமருதுக்கு வந்த அன்று சாலிஹ் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றான். வலையில் பாசியும் குப்பையும்தான் ஏறின. கயிறு அறுத்த இடுப்பில் உப்புத் தண்ணீர் எரிய, பங்காகக் கிடைத்த ஒரு கை சூடை மீனோடு வீட்டுக்கு வந்தான்.

வளவுக்குள் புதிதாக ஒரு கல் நின்றது. மகள் பரீனாவுக்கென்று அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வாசற்படி வரவேண்டிய இடத்தில், முழங்கால் உயரத்துக்கு, தலையில் சுண்ணாம்பு பூசி நட்டிருந்தார்கள்.

"இது என்னத்துக்கு?" என்றான்.

மனைவி ஆசியா உம்மா கல்லைப் பார்க்காமலே சொன்னாள். "காணிக் கச்சேரி ஆக்கள் நட்டுட்டுப் போறாங்க. இது துரைட காணியாம். துரைக்கு வாரிசு இல்லயெண்டா அரசாங்கத்துக்குச் சேருமாம்."

"எந்தத் துரை?"

"எங்கட துரைதான்."

எங்கட துரை என்று அவள் சொன்னது மெல்விக் என்ற ஆங்கிலேயனை. நூறு வருசத்துக்கு முந்திக் கடலோரக் காட்டை வெட்டித் தென்னை வைத்தவன். அவன் செத்தானோ கப்பலேறிப் போனானோ, ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய பெயர் மட்டும் ஊர் வாயில் மெலிக்கன் என்றாகி ஆசியா உம்மாவின் குடிக்குப் பெயராக நின்றுவிட்டது. இந்தக் கரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. பெற்ற உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. வாப்பாவின் குடி வாப்பாவோடு சரி. ஒரு குடியென்றால் ஒரு வயிறு என்று கணக்கு. அதனால் ஒரே குடிக்குள் ஆணும் பெண்ணும் கலியாணம் முடிக்க முடியாது. பள்ளிவாசலில் அந்தந்தக் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். குடி இல்லாதவனுக்காகக் கதைக்க அங்கே ஆள் கிடையாது.

மெல்விக் துரை ஒரு சோனக முஸ்லிம் பெண்ணை முடித்தான், அவள் வயிற்றில் வந்தவர்கள் நாங்கள் என்பது மெலிக்கன் குடியார் சொல்லும் கதை. ஆசியா உம்மாவின் பூனைக்கண்ணைக் காட்டி அதைச் சொல்வார்கள். பூனைக்கண் ஊரில் வேறு எத்தனையோ பேருக்கும் இருந்தது. அதைப்பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சாலிஹ் வேறு குடி. கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன். வளவும் அவனுடையது இல்லை, பெயரும் அவனுடையது இல்லை. ஆனால் அந்த அரைகுறை வீடு அவனுடைய உடம்பு. பரீனா நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வலை வேலை முடிந்த பிறகு மண் சுமந்தான், கல் அறுத்தான், கடன்பட்டு மரம் வாங்கினான். பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான். கல்முனைக்குடி ஊரில் ஒரு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. வீட்டை முடித்துப் பெண்ணின் பெயருக்கு எழுதினால் நோன்புப் பெருநாள் கழித்துக் காவின், கலியாண எழுத்து. எழுதாவிட்டால் ஒன்றுமில்லை.

மறுநாள் அவன் கல்முனைச் சந்தையடியில் பெட்டிசம் எழுதும் இப்றாஹிமிடம் போனான். இப்றாஹிம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "துரை கலியாணம் முடிச்சதுக்கு என்ன அத்தாட்சி இரிக்கி?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சத கச்சேரிக்கு எப்பிடித் தெரியவைக்கிற? வா, அந்தப் பேர் எங்கால வந்ததெண்டு முதல்ல பாப்பம். துரைட சொந்தத்தில ஆளொண்டு ஒரு இடத்தில இரிந்தாலே போதும், காயிதம் போட்டுக் கேக்கலாம்."

தமிழ் தெரிந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அப்போது கல்முனையில் இருந்தார். இருவரும் அவருடைய வீட்டு வாசலில் நின்றார்கள். பாதிரியார் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"மிகவும் அபூர்வமான பெயர். இந்தப் பெயருள்ள ஒருவரையும் நான் கண்டதில்லை. இப்படி முடிகிற பெயரெல்லாம் எங்கள் நாட்டில் ஊர்ப்பெயராக இருந்தவை. மெல்விக் என்று எங்கேயோ ஒரு சின்னப் பண்ணை இருந்திருக்கும். அந்த இடமே இப்போது இல்லாமலும் போயிருக்கலாம்."

"அந்தப் பண்ணைக்காரன்ட ஆக்கள் இரிப்பாங்கதானே ஐயா?" என்றான் சாலிஹ்.

"இருந்தாலும் பயனில்லை. பண்ணை முதலாளிக்கும் அந்தப் பெயர்தான், அங்கே மாடு மேய்த்தவனுக்கும் அந்தப் பெயர்தான். பெயர் ஒன்றென்றால் இரத்தம் ஒன்றென்று சொல்ல முடியாது."

சாலிஹுக்கு அது அருவருப்பாக இருந்தது. "மாடு மேய்ச்சவனுக்கும் முதலாளிட பேரா? அப்ப ஆரு ஆரைக் கட்டலாமெண்டு எப்பிடித் தெரியும்?"

பாதிரியார் சிரித்தார். தெருவுக்கு வந்ததும் இப்றாஹிம், "அது அவங்கட நாட்டு வழக்கம். நம்மட ஆக்களுக்குக் குடியெண்டா குடிதான்" என்றார். சாலிஹும் அதை அத்தோடு விட்டுவிட்டான்.

பெட்டிசம் போய், கச்சேரியிலிருந்து விசாரணைக்கு நாள் வந்தது. அவனுக்குத் தெரிந்த வழக்கு பள்ளிவாசல் வழக்கு. அங்கே குடித் தகராறு வந்தால் எந்தப் பக்கம் குடி ஆட்கள் அதிகம் கூடுகிறார்களோ அந்தப் பக்கம் வெல்லும். "விசாரணைக்குக் குடி ஆக்களைக் கூட்டுவம்" என்றான். இப்றாஹிமுக்கும் அது சரியாகப் பட்டது.

ஆசியா உம்மாவின் சொந்தத்தில் பெரும்பாலும் பெண்கள். கச்சேரியில் வந்து கதைக்கக்கூடிய ஆணென்றால் மருதமுனை மீராசாதான். அந்தப் பெயரைக் கேட்டதும் பாய் இழைத்துக்கொண்டிருந்த லைலாவின் கை நின்றது. லைலா ஆசியா உம்மாவின் தங்கை. பதினெட்டு வயதில் அவளுக்கு மீராசாவைப் பேசி வந்தார்கள். பேச்சு முற்றின பிறகுதான் அவனுடைய உம்மாவும் மெலிக்கன் குடி என்று மரைக்கார் கண்டுபிடித்தார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லைலாவின் வாப்பா மீராசாவை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு வந்தவர்கள் இரண்டாம் தாரத்துக்கும் மூன்றாம் தாரத்துக்கும் வந்தவர்கள். அவள் ஒருவரையும் முடிக்கவில்லை. இப்போது பன்புல்லும் பாயுமாகக் கூன் விழுந்து கிடந்தாள்.

மருதமுனையில் மீராசா தறிக்குழிக்குள் கால் வைத்தபடியே சாலிஹைப் பார்த்தான்.

"என்ன மச்சான், வழி தப்பி வந்திட்டீங்களா? ஒங்கட ஊட்டு வாசலால என்னைத் துரத்தி இருவது வருசத்துக்கு மேல."

"துரத்தினது மாமா. நான் அப்ப அந்த ஊட்டுக்கே வரல்ல."

"வந்திருந்தா நிப்பாட்டியிருப்பீங்களோ?"

"வலை இழுக்கிறவன்ட சொல்லை ஆரு கேக்கிற?"

மீராசா சிரித்துக்கொண்டு தறியை விட்டு எழும்பினான். விசயத்தைக் கேட்டான். "வாறன். குடிக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காக" என்றான். பிறகு ஒரு தகவலும் சொன்னான். அவன் நெய்த சாரம் விற்கப் போகிற திருக்கோவிலில் ஒரு தமிழ்க் குடும்பத்தையும் மெலிக்கன் குடி என்றுதான் சொல்வார்களாம்.

சாலிஹுக்குக் காலில் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. துரையின் மகளொருத்தி சைவக்காரனை முடித்திருப்பாள், நம்முடைய குடி இவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்று நினைத்தான். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இறங்கினான். அங்கிருந்து வந்த ஒரு நெல்லு வண்டியில் தொற்றிக்கொண்டு திருக்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தக் குடும்பத்துக் கந்தப்போடி தன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"வாங்க காக்கா. போடியைத் தேடி வந்தீங்களெண்டு கேள்விப்பட்டன். பேரில மட்டும்தான் போடி, வயல்காரன். ஒரு வரம்புகூட எனக்குச் சொந்தமில்ல. இந்த மாடும் மாமன்ட மாடு."

"நீங்க மெலிக்கன் குடியோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"என்ட பொண்டாட்டியும் மெலிக்கன் குடி."

கந்தப்போடி வைக்கோலைப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நீங்க எனக்கு மச்சானாகிட்டீங்க! இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

சாலிஹ் காணி விசயத்தைச் சொன்னான். ஒரு மெலிக்கன் குடிப் பெண்ணுக்காக வந்து, நானும் அந்தக் குடி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கந்தப்போடி உடனே ஒத்துக்கொண்டார். அந்தப் பெயர் அவருடைய ஆட்களுக்கு எப்படி வந்தது என்று சாலிஹ் கேட்கவில்லை. குடியின் வேரைத் தோண்டிக் கேட்பது இந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. பள்ளிவாசல் வழக்கிலும் அதை யாரும் கேட்பதில்லை.

விசாரணை நாளில் மெலிக்கன் குடியார் கச்சேரி மரத்தடி நிறையக் கூடிவிட்டார்கள். சாலிஹ் தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையை உடுத்திருந்தான். மட்டக்களப்பிலிருந்து வந்த காணி அதிகாரி தமிழர், களைத்த மனிதர். கூட்டத்தைப் பார்த்து, "என்ன, கலியாண வீடா?" என்றார்.

முதலில் ஆசியா உம்மாவைக் கூப்பிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மெல்விக் துரைக்கு எத்தனை ஆண் பிள்ளைகள்?"

"ஆம்புளப் புள்ளைகளை ஆரு கணக்கு வெச்ச? அவங்க கலியாணம் கட்டின ஊட்டுக்குப் போயிருப்பாங்க."

"அம்மா, அந்தப் பெயர் ஆண்வழியில்தான் போகும். வெள்ளைக்காரருக்கு அப்படித்தான்."

"எங்களுக்கு அப்பிடியில்ல. உம்மாக்கு உம்மா, அவக்கு உம்மா, அப்பிடியே துரைட பொண்டாட்டி வரைக்கும் போகும்."

"துரையின் மனைவிக்குப் பெயர் என்ன?"

ஆசியா உம்மா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. அதுவரை அந்தப் பெண்ணின் பெயரை யாரும் கேட்டதில்லை.

அடுத்து மீராசா வந்து, நாங்கள் ஒரே குடி, ஒரு வயிறு என்று சொன்னான். சொல்லும்போது நிலத்தைப் பார்த்தான். பிறகு சாலிஹ் கந்தப்போடியைத் தோளில் கைவைத்து முன்னால் அனுப்பினான். மாப்பிள்ளையைப் பந்தலுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். "நீங்கள் சைவம். இவர்கள் இஸ்லாம். இரண்டு பேரும் ஒரே பெண்ணின் பரம்பரையா?"

"பெண்ணா? எந்தப் பெண் ஐயா?" கந்தப்போடி சுற்றிப் பார்த்தார். "நாங்க துரைட தோட்டத்தில வேலை செஞ்ச சனம். வாடிக் குடிசையில இரிந்த எல்லாரையும் மெலிக்கன்ட ஆக்கள் எண்டுதான் கூப்பிட்ட. எங்கட ஆக்கள் தேங்காய் உரிச்ச, சோனக ஆக்கள் பொறுக்கிச் சுமந்த. எங்கட பூட்டிட கை ரெண்டும் ஆமை ஓடு மாதிரியாம், உரிச்சு உரிச்சு. துரை கலியாணம் முடிச்சதா நாங்க கேள்விப்படல்ல. ஆளுக்கு ஆஸ்மா, ஒரு மாரியில செத்துப்போனாரெண்டு சொல்லுவாங்க."

பெருமையோடுதான் சொன்னார். உழைத்த சனம் என்று சொல்வதில் அவருக்கு என்ன வெட்கம்?

மரத்தடியில் யாரோ இருமினார்கள். மாடு மேய்த்தவனுக்கும் அந்தப் பெயர்தான் என்று பாதிரியார் சொன்னது சாலிஹின் காதில் இப்போதுதான் சரியாக விழுந்தது. அவன் கூட்டிவந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வயிற்றில் இவ்வளவு சனம் எப்படி வரும்? ஒரு தோட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்குக்குச் சரியாக இருந்தது.

அதிகாரி குரலைத் தாழ்த்தித் தீர்ப்பைச் சொன்னார். "துரைக்கு வாரிசு இல்லை. காணி அரசாங்கத்துடையது. உங்களை எழுப்பமாட்டோம், இருக்கிற வீட்டில் இருக்கலாம். ஆனால் விற்கவோ பிள்ளைக்கு எழுதவோ முடியாது. புதுக் கட்டிடமும் எழுப்பக்கூடாது."

வெளியே வந்ததும் கந்தப்போடி சாலிஹின் கையைப் பிடித்தார். "காக்கா, நான் பிழையாக் கதைச்சிட்டனா?"

"இல்ல மச்சான். உள்ளதைத்தானே சொன்ன."

"நீங்க அண்டைக்கே கேட்டிருந்தா வீட்டிலயே சொல்லியிருப்பனே."

சாலிஹ் அவருக்கு பஸ் பிடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டார் ஏறியிருந்த வண்டியில் ஏறினான். வண்டிக்குள் ஆசியா உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னாள். "அந்த மனிசன் சொன்னது அந்த மேசையடியோட கிடக்கட்டும். பள்ளியடிக்கு ஒரு சொல் வரக்கூடாது."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதே குடி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. காணி போன செய்தி மட்டும் அவர்களுக்கு முன்னால் கல்முனைக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் வந்தார்கள். கொடுத்த வெற்றிலையைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் மாமா கூரையில்லாத சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"எழுத ஏலாத ஊட்டுக்கு எப்பிடி மாப்புள வாற?"

"வேற இடத்தில காணி பாக்கன். ஒரு வருசம் பொறுங்க" என்றான் சாலிஹ்.

"கரைவலையில இழுத்தா காணி வாங்கப் போறீங்க? மாப்புள வந்து எங்க படுக்கிற, துரைட மடியிலயா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சாலிஹின் கை முறுக்கேறியது. ஆசியா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து இருமினாள். அவன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அவர்கள் போன பிறகு பரீனா வெற்றிலைத் தட்டை எடுத்துப்போய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு கிழமை கழித்துப் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் மீராசா வந்தான். கூட அவனுடைய தங்கை மகன் நூஹு. தோளகன்ற பொடியன், சொந்தத் தறி இருந்தது. மீராசா வாசலில் நின்றான்.

"உள்ளுக்கு வரலாமா, இல்ல இதிலயே நிக்கட்டுமா?"

"வாங்க மச்சான்" என்று சாலிஹ் பாயைப் போட்டான்.

மீராசா நேராகச் சொன்னான். "நூஹுக்கு பரீனாவைக் கேட்டு வந்திரிக்கன். எங்களுக்கு ஊடும் வேணாம், காணியும் வேணாம். மருதமுனையில என்ட தங்கச்சி ஊட்டில இரிக்கட்டும். ஊரு என்னவும் கதைச்சிட்டுப் போகட்டும்."

சாலிஹ் மனைவியைப் பார்த்தான். அவள் முகம் கறுத்துவிட்டது.

"ஒங்கட தங்கச்சி மகனெண்டா அவனும் மெலிக்கன் குடிதானே" என்றாள் ஆசியா உம்மா.

"ஓம்."

"அப்ப என்ன கேள்வி இது? ஒரு வயித்துப் புள்ளைகள்."

"தங்கச்சி, அண்டைக்கு மேசையடியில நீங்களும்தான் நின்ட. என்ன வயிறு? ஒரே வாடியில தேங்காய் சுமந்த ஆக்கள் நாங்க."

"அதை மரைக்காரிட்டப் போய்ச் சொல்லுவீங்களா? தேங்காய் சுமந்த கூலிக் கூட்டமெண்டு பள்ளியில எழும்பிச் சொல்லுவீங்களா? அதைச் சொல்லாம இந்தக் காவின் நடக்குமா? சொன்னா மெலிக்கன் குடியெண்டு ஒண்டு இரிக்குமா? காணி போச்சு. குடியும் போனா எங்களுக்கு ஆரு? பரீனா செத்தா மையத்தத் தூக்க ஆரு வருவாங்க?"

மீராசா வாசலைக் கையால் காட்டினான். "என்னையும் இதே வாசலாலதான் ஒங்கட வாப்பா திருப்பி அனுப்பின. அவருக்குத் தெரியாது, அதனால செஞ்ச. ஒங்களுக்குத் தெரியுமே தங்கச்சி."

உள்ளே பாய் இழைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. லைலா வாசலுக்கு வந்தாள். மீராசாவின் முன்னால் அவள் வந்து நிற்பது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

"குடுங்க ராத்தா" என்றாள் அக்காவிடம்.

"உனக்கு இதில கதை இல்ல, லைலா. உள்ளுக்குப் போ."

"எனக்குத்தான் கதை இரிக்கி. நான் ஆரைக் காக்கா, கூடப்பிறந்தவன் எண்டு நினைச்சு இவ்வளவு காலம் இரிந்த? சொல்லுங்க. இவர் எனக்கு ஆரு?"

லைலா சாலிஹின் பக்கம் திரும்பினாள். "மச்சான், நீங்களாவது கதைங்க."

சாலிஹ் கதைத்தான். "புள்ள எனக்கும்தான் புள்ள, ஆசியா. குடுப்பம்" என்றான்.

"ஒங்கட குடியில புள்ளை இரிந்தா குடுங்க" என்றாள் அவள். "இது எங்கட குடி."

அதற்குமேல் அந்த வீட்டில் அவனுக்குச் சொல்ல வாயில்லை. நூஹு எழும்பி மாமனின் தோளைத் தொட்டான். இருவரும் போனார்கள். லைலா வாசலில் நின்ற இடத்திலேயே நின்றாள். அழவில்லை. அழுவதற்கென்றால் அந்த வயதிலேயே அழுதிருக்க வேண்டும்.

மாரி பிந்தாமல் தொடங்கியது. கூரையில்லாத மண் சுவர் முதல் மழையில் ஊறி, இரண்டாம் மழையில் பக்கவாட்டில் சரிந்தது. சாலிஹ் நல்ல மரங்களைக் கழற்றி, கடன் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுத்தான். வாசற்படி இடத்துக் கல் மட்டும் அசையாமல் நின்றது. ஆடு கட்ட வசதியாக இருந்தது.

பரீனாவும் பாய் இழைக்க உட்கார்ந்தாள். ஒருநாள் பாய் வாங்க வந்த காரைதீவுப் பெண்ணொருத்தி அவள் முகத்தையும் கண்ணையும் பார்த்துவிட்டு, "என்ன வடிவான பிள்ளை. எந்தக் குடி மகள் நீ?" என்று கேட்டாள்.

பரீனா சாச்சியைப் பார்த்தாள். லைலா தலையை நிமிர்த்தவில்லை. ஈரப் பன்னை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"மெலிக்கன் குடி" என்றாள் பரீனா.

"ஓ, துரைட ஆக்கள்" என்றாள் அந்தப் பெண், பாயை விரித்து ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.